கோபுரம் இல்லாத இடத்துக்கு ஒரு தொலைபேசி

கரையை விட்டு அகன்ற கப்பலுக்கு 1970கள் வரை கரையோடு இருந்த தொடர்பு மோர்ஸ் தந்தியும் சிற்றலை வானொலியும்தான். சிற்றலை, வளிமண்டலத்தின் உச்சியிலுள்ள அயனி அடுக்கில் பட்டுத் திரும்பித் தரைக்கு வரும். அந்த அடுக்கு பகலில் ஒரு விதமாகவும் இரவில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும்; சூரியன் கொந்தளித்தால் கணக்கெல்லாம் தவறிப் போகும். நடுக்கடலிலிருந்து ஒரு செய்தியைக் கரைக்குச் சேர்க்க வானொலி அலுவலர் மணிக்கணக்கில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது வழக்கமாயிருந்தது. இடம் மாறிக்கொண்டே இருப்பவருக்குச் செயற்கைக்கோள் வழியே தொடர்பு தரும் தொழில் இந்தக் குறையைத் தீர்க்கத்தான் தோன்றியது. செல்போன் என்ற பொருள் சந்தைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கப்பல்கள் விண்வெளி வழியாகப் பேசத் தொடங்கிவிட்டன.

அதற்கான அடிப்படைக் கணக்கை ஆர்தர் சி. கிளார்க் 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் எழுதினார். பின்னாளில் கொழும்பில் குடியேறி இறுதிவரை அங்கேயே வாழ்ந்த அதே கிளார்க்தான். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கோளை நிறுத்தினால், பூமி சுழலும் வேகத்திலேயே அதுவும் சுற்றும். தரையிலிருந்து பார்ப்பவருக்கு வானில் அசையாமல் நிற்பதாகத் தோன்றும்; இதையே புவிநிலைக் கோள் என்பார்கள். அப்படி மூன்று கோள்கள் இருந்தால் துருவங்கள் நீங்கலாக உலகம் முழுவதும் பார்வைக்குள் வந்துவிடும். கிளார்க் கற்பனை செய்தது ஆட்கள் குடியிருந்து பராமரிக்கும் நிலையங்களை. நடைமுறையில் 1963இல் சின்காம்-2, 1965இல் ஏர்லி பேர்ட் என ஆளில்லாக் கோள்களே அந்த வேலையைச் செய்தன. இவை பேசியது பெரிய தரைநிலையங்களோடு. நகர்கிற வாடிக்கையாளருக்கென்று வந்த முதல் கோள்கள் 1976இல் ஏவப்பட்ட மாரிசாட். அட்லாண்டிக், பசிபிக், இந்தியப் பெருங்கடல் ஆகியவற்றுக்கு மேல் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்ட அவற்றை அமெரிக்காவின் காம்சாட் நிறுவனம் இயக்கியது. தொடக்கத்தில் அவற்றின் முதன்மை வாடிக்கையாளர் அமெரிக்கக் கடற்படை. வணிகக் கப்பல்களுக்குக் கிடைத்தது மிச்சம்.

இந்தக் கோள்களில் ஒன்றின் ஆயுள் வியப்பூட்டுவது. 1976 அக்டோபரில் ஏவப்பட்ட மாரிசாட்-2, எரிபொருளைச் சிக்கனப்படுத்தியதால் மெல்ல மெல்லப் பாதை சாய்ந்து, நிலநடுக்கோட்டுக்கு வடக்கும் தெற்குமாக ஆடத் தொடங்கியது. மற்றபடி குறையாகக் கருதப்படும் இந்தச் சாய்வு தென்துருவத்தில் வரமாகிவிட்டது. ஒழுங்காக நிற்கும் புவிநிலைக் கோள் எதுவும் அங்கே தொடுவானுக்கு மேல் வராது. சாய்ந்துபோன இந்தக் கிழட்டுக் கோள் நாளுக்குச் சில மணி நேரம் எட்டிப் பார்த்தது. தென்துருவ ஆய்வு நிலையத்தின் இணைய இணைப்பாக 2008 வரை அது உழைத்தது.

பல நாடுகள் கூடி நடத்தும் அமைப்பாக இன்மார்சாட் 1979இல் லண்டனில் நிறுவப்பட்டு, 1982 பிப்ரவரியில் சேவையைத் தொடங்கியது. அதன் முதல் தலைமுறைக் கப்பல் கருவி, சுமார் ஒரு மீட்டர் விட்டமுள்ள அலைவாங்கிக் கிண்ணத்தை வெள்ளைக் கூண்டுக்குள் அடைத்தது. கப்பல் எப்படி உருண்டாலும் புரண்டாலும் கிண்ணம் கோளையே நோக்கியிருக்கும்படி சுழலமைப்பு ஒன்று அதைத் திருப்பிக்கொண்டே இருக்கும். பெரிய கப்பல்களுக்கு இந்த எடையும் விலையும் பொருட்டில்லை. கப்பல்களின் ஆபத்துக்கால அழைப்பு முறையையும் சர்வதேசக் கடல்சார் அமைப்பு இதே அடிப்படையில் மாற்றியமைத்தது. 1992இலிருந்து படிப்படியாக அமலுக்கு வந்த புதிய முறை 1999 பிப்ரவரி 1 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, டைட்டானிக் காலத்திலிருந்து கேட்டுவந்த மோர்ஸ் ஒலிக்குக் கப்பல் தொழிலில் வேலை இல்லாமல் போயிற்று.

கப்பலின் ஒரு மீட்டர் கிண்ணத்தைக் கையடக்கக் கருவியாகச் சுருக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. அதற்குத் தடை இயற்பியலில் இருந்தது. வானொலி அலை தூரத்தின் வர்க்க அளவில் வலுவிழக்கும். 36,000 கிலோமீட்டர் உயரத்தை 780 கிலோமீட்டராகக் குறைத்தால், அதே ஆற்றலுக்குக் கிடைக்கும் குறிகை இரண்டாயிரம் மடங்குக்கு மேல் வலுவாகும். தாமதமும் உண்டு: புவிநிலைக் கோள் வழியாக ஒரு சொல் போய்ச் சேரவே கால் விநாடி ஆகும். கேள்விக்குப் பதில் வர அரை விநாடி. இருவர் பேச்சு ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழ இது போதும். எனவே வடிவமைப்பாளர்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. உயரத்திலேயே நின்று, கோளின் அலைவாங்கியை மிகப் பெரிதாக விரிப்பது ஒன்று. கீழே இறங்கி வந்து, நிற்க முடியாமல் விரையும் கோள்களை ஏராளமாக விடுவது மற்றொன்று. இரண்டாம் வழியை முதலில் முழு அளவில் துணிந்து எடுத்தது இரிடியம்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் சாண்ட்லரில் மோட்டோரோலா நிறுவனத்துக்கு ஒரு பொறியியல் கூடம் இருந்தது. அங்கே பணியாற்றிய பாரி பெர்டிகர், ரேமண்ட் லியோபோல்ட், கென் பீட்டர்சன் ஆகிய மூவரும் 1987இல் இந்தத் திட்டத்தை வரைந்தனர். பஹாமாஸ் தீவில் விடுமுறையில் இருந்த பெர்டிகரின் மனைவி அங்கிருந்து செல்போனில் பேச முடியவில்லை என்று குறைப்பட்டதே தூண்டுதல் என்பார்கள். பெரிய திட்டங்களுக்கெல்லாம் இப்படி ஒரு பிறப்புக் கதை வாய்த்துவிடுகிறது. மோட்டோரோலாவின் தலைவர் ராபர்ட் கால்வின் ஆதரவு தந்ததே திட்டம் உயிர்பெறக் காரணம். முதல் வடிவத்தில் கோள்களின் எண்ணிக்கை 77. 77ஆம் தனிமத்தின் பெயரே திட்டத்துக்கு வைக்கப்பட்டது. பிறகு கணக்கைத் திருத்தி 66ஆகக் குறைத்தபோதும் பெயரை மாற்றவில்லை. 66ஆம் தனிமமான டிஸ்ப்ரோசியம் என்ற பெயரில் தொலைபேசி விற்பது கடினம்தான்.

அந்த 66 கோள்களும் ஆறு பாதைகளில், பாதைக்குப் பதினொன்றாக, ஏறத்தாழத் துருவத்துக்குத் துருவம் ஓடுகின்றன. உயரம் 780 கிலோமீட்டர். ஒரு சுற்றுக்குச் சுமார் 100 நிமிடம். தரையில் நிற்பவரின் தலைக்கு மேல் ஒரு கோள் பத்து நிமிடத்துக்கும் குறைவாகவே தங்கும். சாதாரண செல்போன் வலையமைப்பில் கோபுரம் நிற்கும், பேசுபவர் நகர்வார். இங்கே அது தலைகீழ். ஒவ்வொரு கோளும் தரையில் 48 ஒளிவட்டங்களைப் போல அலைக்கதிர்களைப் பாய்ச்சுகிறது. அவை மணிக்கு 25,000 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் நிலத்தின்மேல் ஓடுகின்றன. சாமி புறப்பாட்டில் வரிசையாகப் போகும் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் தெருவோரம் நிற்பவர் மேல் ஒன்றுமாற்றி ஒன்றாக வெளிச்சம் போட்டுச் செல்வது போன்றது இது. பேச்சு அறுபடாமல் இருக்க, ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை அழைப்பை ஒரு கதிரிலிருந்து அடுத்த கதிருக்கும், சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஒரு கோளிலிருந்து அடுத்த கோளுக்கும் கைமாற்ற வேண்டும். கோளின் வேகத்தால் அலையின் அதிர்வெண்ணும் முப்பது கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கூடிக் குறையும். அதையும் இடைவிடாமல் சரிசெய்ய வேண்டும். பேச்சை விநாடிக்கு 2,400 பிட் அளவுக்குச் சுருக்கி அனுப்பினார்கள். குரல் அடையாளம் தெரியும், இனிமை இருக்காது.

இரிடியத்தின் தனித்துவம் கோளும் கோளும் பேசிக்கொள்வதில் இருந்தது. ஒவ்வொரு கோளும் தன் பாதையில் முன்னும் பின்னும் வரும் இரண்டோடும், பக்கத்துப் பாதைகளில் உள்ள இரண்டோடும் நேரடி இணைப்பு வைத்திருக்கும். பசிபிக் நடுவில் எழும் அழைப்பு, கோளிலிருந்து கோளுக்குத் தாவி, உலகின் வேறெங்கோ இருக்கும் தரைநிலையத்தில் இறங்கும். இதனால் தரைநிலையம் இல்லாத கடலும் துருவமும்கூடச் சேவைக்குள் வந்தன. இதற்குக் கொடுத்த விலை, ஒவ்வொரு கோளிலும் ஒரு தொலைபேசிப் பரிமாற்றகத்தின் வேலையை ஏற்ற வேண்டியிருந்தது. பாதைகளின் வரிசையில் ஒரு தையலும் விழுந்தது: முதல் பாதையும் ஆறாம் பாதையும் அடுத்தடுத்து இருந்தும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால், அவற்றிடையே இணைப்பு வைக்கவில்லை. துருவத்தை நெருங்கும்போது எல்லாப் பாதைகளும் கூடிவிடுவதால், அங்கே மிகையாகும் கதிர்களை ஒவ்வொன்றாக அணைக்கவும் வேண்டும்.

போட்டியாளரான குளோபல்ஸ்டார் இதற்கு நேர்மாறான முடிவை எடுத்தது. லோரல், குவால்காம் நிறுவனங்கள் தொடங்கிய அந்த அமைப்பில் 48 கோள்கள், 1,414 கிலோமீட்டர் உயரத்தில். அவை கண்ணாடி மாதிரி. கீழிருந்து வந்ததைத் திருப்பிக் கீழே அனுப்புவதோடு சரி. சிக்கலான கருவிகளைத் தரையில் வைத்துக்கொள்ளலாம், பழுது பார்க்கலாம், புதுப்பிக்கலாம். ஆனால் பேசுபவரும் தரைநிலையமும் ஒரே கோளின் பார்வைக்குள் இருந்தாக வேண்டும். ஆகவே பெருங்கடலின் நடுவில் அது ஊமை. பொறியியல் சிக்கனத்தைப் பார்த்தால் குளோபல்ஸ்டார் வழி புத்திசாலித்தனமானது. ஆனால் வானத்திலிருந்து வரும் தொலைபேசி யாருக்குத் தேவை என்று கேட்டால், எங்கிருந்தும் பேச முடியும் என்ற ஒன்றே அதன் உண்மையான சரக்கு. அதை விட்டுக்கொடுக்காதது இரிடியம்தான்.

அலைக்கற்றை இல்லாமல் எந்த வரைபடமும் பயன்படாது. 1992இல் ஸ்பெயினின் டோரெமோலினோஸ் நகரில் கூடிய உலக வானொலி மாநாடு, தாழ்வட்டக் கோள்கள் வழி கைபேசிச் சேவைக்கு 1.6 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இடம் ஒதுக்கியது. அமெரிக்க உரிமம் 1995 ஜனவரியில் கிடைத்தது. அதற்குமேல் நாடு நாடாக அனுமதி பெற வேண்டும். தன் எல்லைக்குள் எழும் அழைப்பு தன் கண்ணில் படாமல் வானேறிப் போவதை எந்த அரசும் விரும்பவில்லை. கோள்களுக்குச் சில தரைநிலையங்களே போதும் என்றிருந்தும், உலகம் முழுவதும் பங்குதாரர்களைச் சேர்த்துப் பத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் கட்டப்பட்டதற்குப் பணத் தேவையோடு இந்த அரசியலும் காரணம். இந்தியாவில் அரசுத்துறை நிதி நிறுவனங்களும் வங்கிகளும் முதலீடு செய்ய, புணே அருகே திகியில் ஒரு நிலையம் எழுந்தது.

கோள் தயாரிப்பிலும் பழைய வழக்கம் உடைந்தது. அதுவரை ஒவ்வொரு கோளும் பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள், தனித்தனியாகச் செதுக்கப்பட்ட பொருள். சாண்ட்லரில் அவற்றைத் தொழிற்சாலை வரிசையில் ஏற்றி, ஐந்து நாளுக்குள் ஒன்று வெளிவரும் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றின் எடை 689 கிலோ. 1997 மே 5 அன்று அமெரிக்க டெல்டா-2 ராக்கெட் முதல் ஐந்தை ஏற்றிச் சென்றது. ரஷ்யாவின் புரோட்டான் ஒரே தடவையில் ஏழு, சீனாவின் லாங் மார்ச் இரண்டிரண்டு. ஓராண்டுக்குச் சற்றே கூடிய காலத்தில், 15 ஏவல்களில், 72 கோள்கள் மேலே போயின. ஒரு ராக்கெட்டும் தவறவில்லை. குளோபல்ஸ்டாருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1998 செப்டம்பரில் அதன் 12 கோள்கள் ஒரே ஸெனித் ராக்கெட்டோடு அழிந்தன.

1998 நவம்பர் 1 அன்று இரிடியம் சேவை தொடங்கியது. அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர், தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல்லின் கொள்ளுப்பேரன் கில்பர்ட் குரோவனரை அழைத்துப் பேசினார். ஆரவாரம் அதோடு அடங்கிவிட்டது. கருவியின் விலை சுமார் 3,000 டாலர். பேசுவதற்கு நிமிடத்துக்குப் பல டாலர். எடை ஏறத்தாழ அரைக் கிலோ. தடித்த அலைவாங்கிக் குழலை நீட்டி வானத்தை நோக்கிப் பிடிக்க வேண்டும். கட்டடத்துக்குள்ளும் காருக்குள்ளும் வேலை செய்யாது. விளம்பரம் குறிவைத்ததோ ஊர் ஊராகப் பறக்கும் வணிக நிர்வாகிகளை. அவர்கள் நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது கட்டடத்துக்குள்ளும் காருக்குள்ளும். திட்டம் வரையப்பட்ட 1987இல் ஒரு நாட்டுச் செல்போன் மறு நாட்டில் பெரும்பாலும் உயிரற்ற பொருள். கோள்கள் மேலே போவதற்குள் ஜிஎஸ்எம் என்ற செல்போன் தரம் ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைத்துவிட்டது. கோபுரம் நட ஓராண்டு கூட ஆகாது. கோள் கூட்டத்துக்குப் பதினோரு ஆண்டு ஆயிற்று. 1999 மார்ச் இறுதியில் சந்தாதாரர் எண்ணிக்கை பத்தாயிரம் அளவில் நின்றது. கடன் கொடுத்த வங்கிகள் கேட்டதில் அது பாதிகூட இல்லை. ஏறத்தாழ 500 கோடி டாலரை விழுங்கிய நிறுவனம் ஆகஸ்ட் 13 அன்று திவால் பாதுகாப்பு கோரியது.

அதே மாதத்தில் ஐசிஓ நிறுவனமும் திவாலாயிற்று. இன்மார்சாட்டிலிருந்து பிரிந்து, 10,000 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நடு உயரத்தைத் தேர்ந்தெடுத்த அமைப்பு அது. குளோபல்ஸ்டார் 2002 பிப்ரவரியில் அதே வழியில் போனது. மேலே நின்று அலைவாங்கியைப் பெரிதாக விரிக்கும் முதல் வழியைப் பின்பற்றிய துரயா மட்டும் ஒப்பீட்டளவில் அமைதியாக வளர்ந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தின் இந்த நிறுவனம் 2000 அக்டோபரில் ஏவிய கோளில் 12 மீட்டருக்கும் மேல் விட்டமுள்ள வலைக்கிண்ணம் விரிந்தது. இரண்டொரு கோள்களே போதும். உலகம் முழுவதையும் ஆள வேண்டும் என்ற ஆசையும் இல்லை. பாலைவனமும் கடலும் நிறைந்த தன் வட்டாரத்துக்கு விற்றது.

இந்தியாவில் இரிடியத்தின் வீழ்ச்சி நீதிமன்றத்துக்குப் போயிற்று. முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக மோட்டோரோலா மீது இரிடியம் இந்தியா நிறுவனம் தொடுத்த குற்ற வழக்கை மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கி, குற்ற நோக்கம் தேவைப்படும் குற்றங்களுக்கும் ஒரு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரலாம் என்று தீர்ப்பளித்தது. தொலைத்தொடர்பைப் பற்றி எதுவும் அறியாத சட்ட மாணவர்களும் இன்று இந்த வழக்கின் பெயரை அறிவார்கள்.

2000ஆம் ஆண்டில் இரிடியம் கோள்களை வளிமண்டலத்தில் எரித்துவிடும் ஆயத்தம் நடந்தது. வாங்குவார் இல்லை, அவற்றை வானில் வைத்திருக்கவே செலவு. பான் ஆம் விமான நிறுவனத்தின் முன்னாள் தலைவர் டான் கொலுஸி, சுமார் 2.5 கோடி டாலருக்கு மொத்தத்தையும் வாங்க முன்வந்தார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 20,000 பயனர்களுக்காக 7.2 கோடி டாலர் ஒப்பந்தம் தந்ததால் அது கைகூடிற்று. 2001இல் மீண்டும் தொடங்கிய நிறுவனம் நிர்வாகிகளை நாடவில்லை. படைவீரர், எண்ணெய்த் துரப்பண மேடை, மலையேறுபவர், விமானி, மீன்பிடிக் கப்பல், பேரிடர் மீட்புக் குழு, பனிக்கண்ட ஆய்வாளர் என்று கோபுரம் ஒருபோதும் வராத இடத்து மனிதர்களிடம் போயிற்று. பிறகு மனிதர் இல்லாத இடத்துக் கருவிகளிடமும் போயிற்று: கடல் மிதவை, லாரி, குழாய்ப் பாதையின் அளவி. 2018இல் சந்தாக்கள் பத்து லட்சத்தைக் கடந்தபோது, பாதிக்கு மேற்பட்டவை பேசாமல் சில எழுத்துகளை மட்டும் அனுப்பும் இத்தகைய கருவிகளுடையவை. கடன் சுமை முழுவதும் முதல் முதலாளிகளோடு கரைந்துபோனது இந்த வெற்றிக்கு முக்கியக் காரணம் என்பதையும் மறக்கக் கூடாது. 500 கோடியை ஈடுகட்ட வேண்டியிருந்தால் இந்த வாடிக்கையாளர்கள் போதாமல் போயிருப்பார்கள்.

எட்டு ஆண்டுக்கு மேல் உழைக்கும் என்று எதிர்பார்க்கப்படாத அந்தக் கோள்கள் இருபது ஆண்டு அளவுக்கு உழைத்தன. அவற்றின் கதவளவு வெள்ளிப்பூச்சு அலைவாங்கிகள் வெயிலைத் தரையை நோக்கித் தெறிக்கவிட்டபோது, சில விநாடி வெள்ளிக் கிரகத்தையும் விஞ்சும் மின்னல் வானில் தோன்றும். வான்நோக்குவோர் நேரம் குறித்து வைத்துக் காத்திருந்து பார்த்தனர். விண்வெளி நெரிசலின் முதல் எச்சரிக்கையும் இந்தக் கூட்டத்திலிருந்தே வந்தது. 2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேல் 789 கிலோமீட்டர் உயரத்தில் இரிடியம்-33, செயலற்றுப்போன ரஷ்யக் கோளான காஸ்மாஸ்-2251 மீது மோதியது. முழுமையான இரண்டு கோள்கள் விண்வெளியில் மோதிய முதல் நிகழ்வு அது. ஆயிரக்கணக்கான சிதறல்கள் மிஞ்சின. 2017 ஜனவரிக்கும் 2019 ஜனவரிக்கும் இடையே ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன்-9 எட்டு ஏவல்களில் 75 புதிய கோள்களைக் கொண்டுசென்றது. ஓடும் வலையமைப்பை நிறுத்தாமல், பழைய கோளின் இடத்துக்குப் புதியதை ஒவ்வொன்றாக நுழைத்து மாற்றினார்கள். பயனருக்கு எதுவும் தெரியவில்லை. இயக்குநர்களின் பார்வையில் முதல் ஏவலைவிட இது கடினமான வேலை. புதிய கோள்களோடு, கப்பல்களின் ஆபத்துக்கால அழைப்பில் இன்மார்சாட்டுக்கு இருந்த ஏகபோகமும் 2020இல் முடிந்து, இரிடியமும் அதில் சேர்ந்தது.

இந்தியாவில் செயற்கைக்கோள் தொலைபேசிகளின் வாழ்க்கை வேறு. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் கடலில் துரயா தொலைபேசியைப் பயன்படுத்தினர். அனுமதியின்றி துரயாவோ இரிடியமோ வைத்திருப்பது குற்றம். அறியாமல் பையில் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் கைதாவது அவ்வப்போது செய்தியாகிறது. பிஎஸ்என்எல் 2017இல் இன்மார்சாட் சேவையை முதலில் அரசுத் துறைகளுக்குத் தந்தது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களின் விசைப்படகுகள் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கடல் மைல் தொலைவில் இருந்தன. படகிலிருந்த வயர்லெஸ் கருவியின் எல்லை சில பத்து மைல்களே. எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை; பலர் திரும்பவில்லை. ஆழ்கடல் படகுகளுக்குச் செயற்கைக்கோள் தொலைபேசி வேண்டும் என்ற கோரிக்கை அதன்பின் வலுத்தது. 2018 மார்ச்சில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் இதே வகைச் சேவைக்கென விரியும் ஆறு மீட்டர் அலைவாங்கியோடு ஏவிய ஜிசாட்-6ஏ, சில நாளில் தொடர்பற்றுப் போயிற்று.

தனிக் கருவியே வேண்டாம், கையிலிருக்கும் செல்போனே கோளோடு பேசட்டும் என்பது இப்போதைய முயற்சி. 2022 நவம்பரில் ஆப்பிள், குளோபல்ஸ்டார் கோள்கள் வழியே ஆபத்துக்காலக் குறுஞ்செய்தியைத் தன் ஐபோன்-14இல் தந்தது. ஏஎஸ்டி நிறுவனம் 2022இல் ஏவிய புளூவாக்கர்-3, 64 சதுர மீட்டர் பரப்பில் அலைவாங்கியை விரித்து, மறு ஆண்டு ஏப்ரலில் மாற்றம் ஏதும் செய்யாத செல்போனிலிருந்து முதல் பேச்சை நிகழ்த்திக் காட்டியது. ஸ்டார்லிங்க் 2024 ஜனவரியில் இதற்கான முதல் ஆறு கோள்களை அனுப்பியது. ஏஎஸ்டி, ஸ்டார்லிங்க் கோள்கள் தரையிலுள்ள செல்போன் நிறுவனத்தின் அலைக்கற்றையையே மேலிருந்து பயன்படுத்துகின்றன. போனுக்குத் தெரிந்தவரை அது இன்னொரு கோபுரம். போனின் வலுவற்ற குறிகையைக் கேட்கப் பெரிய அலைவாங்கி, அதிர்வெண் மாற்றத்தைச் சரிசெய்யும் வேலை, தாமதக் கணக்கு எல்லாவற்றையும் கோளும் தரைநிலையமும் ஏற்றுக்கொள்கின்றன. திறந்த வானம் வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் 1998இல் இருந்தபடியே இருக்கிறது.